கட்டுப்போட்ட காலோடு ஐந்தாம் இடம்

அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. எங்கள் விளையாட்டு வார இதழில், சிலாங்கூர், கோலாலம்பூர் பள்ளி மாணவிகளில் சிறந்த இருபது கூடைப்பந்து ஆட்டக்காரர்களை ஒவ்வொரு பருவத்திலும் சில முறை வரிசைப்படுத்தி வெளியிடுவோம். முந்தைய வரிசையில் பதினான்காம் இடத்தில் இருந்த ஷர்மினி என்ற பெண் இந்த முறை ஐந்தாம் இடத்துக்கு வந்திருந்தாள். நல்ல ஏற்றம்தான். ஆனால் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே அவள் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுப்போய், மாவுக்கட்டுப் போட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானே போய்ப் பார்த்து, ஆரஞ்சு கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த இடைவெளியில் அவள் செய்த ஒரே காரியம், ஆறாம் படிவ வகுப்புக்காகப் பள்ளி மாறியது. மாறிய பள்ளி, கூடைப்பந்து என்றாலே நகரத்தில் எல்லாரும் முதலில் சொல்லும் பள்ளி.

பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் ராஜு அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, இந்தப் பிள்ளை உக்காந்துகிட்டே ஒன்பது இடம் ஏறியிருக்கு."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன மருந்து குடுத்தாங்கன்னு கேளு லா. என் முட்டிக்கும் வேணும்."

சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இருக்கையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு அடங்கி அந்தக் கேள்வி வந்தது: நாம் ஆட்டக்காரரை வரிசைப்படுத்துகிறோமா, அவர் போட்டிருக்கும் ஜெர்சியையா?

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. இந்த மாதத்தோடு நான் விளையாட்டு மேசையை விட்டுப் போகிறேன். முப்பத்தைந்து வயதில் ஓய்வா என்று நீங்கள் கேலி செய்வது காதில் விழுகிறது. போகிற காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது தரவரிசை, மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் கைக்கு வருகிறது. எப்படித் தட்டச்சு செய்வது, யாருக்குத் தொலைபேசியில் பேசுவது என்பதையெல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிடுவீர்கள். எனக்கு வருடக்கணக்கில் புரியாமல் இருந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் வரிசையை மூன்று பேர் கொண்ட குழு முடிவு செய்யும். அவர்களில் முக்கியமானவர் அந்தப் பெரிய பள்ளியின் பயிற்சியாளர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அவரை வில்லன் ஆக்கிவிடுகிறார்கள். ஷர்மினியை ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டபோது அவர் மறைக்கவே இல்லை.

"என் பள்ளிக்கு எடுத்திருக்கேன்னா அவகிட்ட ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம் நிர்மலா? சும்மாவா எடுப்பேன்?"

இதில் பொய் இல்லை. அவர் கண் நல்ல கண். ஆனால் அந்த வாதத்தைச் சுற்றிப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரி என்பதால் பெரிய பள்ளி எடுக்கிறது. பெரிய பள்ளி எடுத்ததால் அவள் நல்ல ஆட்டக்காரி. இந்த வட்டத்துக்குள் நுழைய வெளியில் இருக்கிற ஒருத்திக்கு வாசல் எங்கே?

எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. மறுநாளே பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். வரிசையில் பதினாறாம் இடத்தில் தேவகி என்று ஒரு பெண் இருந்தாள். கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரே பெயர் அதுதான். பள்ளிக்குப் பின்னால் திறந்தவெளி சிமெண்டுத் தரை, ஒரு பக்கக் கூடையில் வலை இல்லை. துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் வேலிக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்தன. நெட்டையான பெண். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து கைக்கு வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாத மாதிரித் திரும்பினாள். நான் பள்ளியில் ஆடியவள். அந்தத் திருப்பம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவளிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"பதினாறுன்னு போட்டது நீங்கதானா அக்கா?" முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"குழு போடுறது. நான் டைப் அடிச்சுக் குடுப்பேன்."

"யாரு வந்து பாத்தாங்க?"

"உங்க டீம் கோலாலம்பூர்ல ஆடினப்ப பாத்தாங்க."

"அந்தப் பெரிய ஸ்கூலோடயா? அன்னிக்கு எங்களை அடிச்சுத் துவைச்சுட்டாங்களே."

நின்ற இடத்திலேயே எனக்கு ஒன்று உறைத்தது. குழுவில் இருந்தவர்கள் சிறிய பள்ளியைப் பார்ப்பதே அது பெரிய பள்ளியிடம் தோற்கிற நாளில் மட்டும்தான். வேறு நாளில் அங்கே போக யாருக்கும் வேலையில்லை.

தேவகிக்கு இந்த எண் விளையாட்டு இல்லை. அந்தக் காலத்தில் வங்கிகள் தங்கள் அணிக்குப் பெண்களை எடுக்கும். எடுத்தால் அணியில் இடத்தோடு கிராணி வேலையும், அதாவது எழுத்தர் வேலையும் உண்டு. எங்கள் வரிசையை மிக நம்பிய வங்கி ஒன்று, முதல் பத்துப் பேரைத்தான் கூப்பிட்டுப் பேசும். வருடத்துக்கு இரண்டு பேரை எடுக்கும்.

"அப்பா இந்த வருஷம் முடியிற வரைக்கும் டைம் குடுத்திருக்காரு," என்றாள் தேவகி. "பேங்க் கூப்பிடலன்னா கையுறை ஃபேக்டரி. சித்தி அங்க சூப்பர்வைசர், பேரு குடுத்தாச்சு. ஃபேக்டரில ஷிப்ட் வேலை. அப்புறம் பந்தாவது ஒண்ணாவது."

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு குள்ளப் பெண் அவள் தோளில் இடித்தாள். "கையுறை போட்டுக்கிட்டு பந்து புடிடி. வழுக்காது." அவள் பெயர் மல்லிகா. அணியில் பந்தை நகர்த்திக்கொண்டு வருகிறவள். அவளை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. வரிசையில் இல்லாதவளைக் கவனிக்க எனக்கும் பழக்கம் இல்லை.

இனி வருவதுதான் என் பெரிய யோசனை. வருடக் கடைசியில் நம் இதழ் ஒரு காட்சி ஆட்டம் நடத்தும். வரிசையில் உள்ள இருபது பேரும் அவரவர் பள்ளி ஜெர்சியில் ஆடுவார்கள். வங்கி அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். இந்த முறை ஜெர்சி வேண்டாம், எல்லாரும் வெள்ளை டி-ஷர்ட், முதுகில் எண் மட்டும், எந்தப் பள்ளி என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்றேன். குழு அந்த எண்களைப் பார்த்து மதிப்பிடட்டும், அதிலிருந்து புது வரிசை.

ராஜு அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டு ஆளுங்க எல்லாம் கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு நிம்மதியா பென்ஷன் வாங்குறாங்க. நீ மட்டும் ஏம்மா இப்படி?" என்றார். ஆனால் சம்மதித்தார்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சட்டை வாங்கினேன். "டீம் பேரு என்ன பாஸ்? அடிச்சுத் தரேன்," என்றார் கடைக்காரர். பேர் இல்லை, எண் மட்டும் என்றேன். "பேர் இல்லாத டீமுக்கு யாரு கை தட்டுவா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

மாஸ்டர் மட்டும் சட்டைக்கட்டைப் பார்த்துச் சிரித்தார். "சட்டையை மாத்தினா நடை மாறுமா? என் பிள்ளைங்களை நான் முதுகைப் பாத்தே சொல்லுவேன்."

"நீங்க சொல்லலாம் மாஸ்டர். பேங்க்காரங்க சொல்ல முடியாதில்ல."

என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே அவ்வளவு மகிழ்ச்சி.

சனிக்கிழமை காலை, நகரத்து உள்ளரங்கம். பளபளவென்று மரத்தரை. கிள்ளானிலிருந்து தேவகியின் அப்பா தான் ஓட்டும் லோரியிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கைதட்ட ஆள் வேண்டும் என்று அவள் பள்ளி அணி முழுவதும் பின்னால் ஏறி வந்திருந்தது. எல்லாரும் செருப்புக் காலோடு கேலரியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்த வங்கியின் விளையாட்டு அதிகாரி நாதன் சார் முன்வரிசையில், குழு அவருக்குப் பின்னால். ஷர்மினியின் கால் குணமாகி அவளும் வந்திருந்தாள். சீட்டுக் குலுக்கி அணி பிரித்தோம்.

முதல் பாதி முழுவதும் தேவகி கூடைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பந்து வரவில்லை.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் அணியில் பந்தைக் கொண்டுவந்த இருவரும் பெரிய பள்ளிக்காரர்கள். தலையைத் தூக்கினால் அவர்கள் கண் தங்கள் தோழியைத்தான் தேடியது. கூடச் சேர்ந்து எத்தனையோ காலை பயிற்சி செய்த கை, தானாகவே அந்தப் பக்கம் பந்தைப் போட்டது. ஒருத்தியை ஒருத்தி செல்லப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் ஜெர்சியைத்தான் கழற்றியிருந்தேன். பள்ளி அப்படியே ஆடுகளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நாதன் சார் பேனா மூடியைத் திருகினார். "நல்ல ஏற்பாடும்மா. எனக்கு வேண்டியவங்களைப் பாத்துட்டேன்னு நினைக்கிறேன். வீட்டுல சாப்பாட்டுக்கு ஆள் வராங்க, கிளம்பவா?"

"இன்னொரு பாதி இருக்கு சார். காப்பி வருது," என்றேன். காப்பிக்கு நான் சொல்லியிருக்கவே இல்லை.

ராஜு அண்ணன் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "ரொம்ப யோசிக்காத. அந்த ரெண்டு பிள்ளைங்ககிட்ட போய் மெதுவா சொல்லு, நெட்டைப் பிள்ளைக்கு நாலு பந்து போடச் சொல்லி. முடிஞ்சது லா."

தம்பி தங்கைகளே, மேசையில் உட்கார்ந்து நியாயம் பேசுவது எளிது. அங்கே ஒரு பக்கம் அதிகாரி எழுந்திருக்கத் தயாராக இருந்தார், இன்னொரு பக்கம் அந்தப் பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். அண்ணன் சொன்னது எனக்கும் இனித்தது. ஆனால் நான் சொல்லி வருகிற பந்து என் பந்து. அதை அவள் கூடையில் போட்டாலும் அவள் திறமையைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

மாஸ்டரிடம் போனேன். "ஒரு பள்ளியில இருந்து ஒருத்தருக்கு மேல ஒரே டீம்ல வேண்டாம்னு பிரிச்சுடலாமா?"

அவர் தலையாட்டவில்லை. "அது மட்டும் நியாயமா? சேர்ந்து ஆடத்தான் நான் சொல்லிக் குடுக்குறேன். கண்ணை மூடிக்கிட்டு பாஸ் போடுறாங்கன்னா அது அவங்க திறமை. அதைப் பிரிச்சு எடுத்துட்டு, இப்ப ஆடிக் காட்டுன்னா, கையைக் கட்டிட்டு ஆடச் சொல்ற மாதிரி இல்லையா?"

அவர் சொன்னது சரி. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் சரி. பெரிய பள்ளிப் பெண்கள் நன்றாக ஆடுவதாகத் தெரிவதற்குப் பள்ளியின் பேர் பாதிக் காரணம் என்றால், பழகிய கூட்டாளி மறுபாதி. அந்த மறுபாதி பொய் இல்லை. பிறகு தேவகிக்கு என்ன இல்லை? அவளுக்குப் பழகிய கை இல்லை. அந்தக் கைகள் கேலரியில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தன.

"சரி மாஸ்டர். உங்க பள்ளி அஞ்சு பேர் ஒரு பக்கம். கிள்ளான் பள்ளி அஞ்சு பேர் ஒரு பக்கம்."

"வரிசையில இல்லாதவங்களையா இறக்கப் போற?"

"சேர்ந்து ஆடுறதுதான் திறமைன்னு இப்பதானே சொன்னீங்க."

அவர் திரும்பித் தன் பெண்களைக் கூப்பிட்டார். அதனால்தான் சொன்னேன், நல்ல மனிதர் என்று. மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்குத் தனியாக ஓர் ஆட்டம் பிறகு வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, அடுத்த வாரமே வைத்தேன்.

செருப்புக் காலோடு வந்தவர்களுக்குக் காலணி வேண்டும். பெஞ்சில் இருந்தவர்கள் கழற்றிக் கொடுத்தார்கள். மல்லிகாவுக்கு எதுவும் பொருந்தவில்லை. இரண்டு ஜோடி காலுறையைத் திணித்து யாருடையதையோ மாட்டிக்கொண்டு, படகுபோல அதை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கேலரியில் சிரித்தார்கள்.

கிள்ளான் பள்ளி தோற்றது. நன்றாகவே தோற்றது. அதைச் சுற்றி வளைக்க நான் விரும்பவில்லை. மரத்தரை அவர்களுக்கு வழுக்கியது, மாஸ்டரின் பெண்கள் ஐந்து பேரும் நிஜமாகவே தேர்ந்தவர்கள். ஆனால் பந்து மல்லிகாவிடம் வந்ததும் அவள் தேவகியைப் பார்க்காமலேயே போட்டாள். தேவகி பார்க்காமலேயே வாங்கினாள். திரும்பினாள். காவலுக்கு நின்ற பெண் வேறு பக்கம் போயிருந்தாள். அடுத்த முறையும் அப்படியே.

பின்வரிசையில் மாஸ்டர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "இதைத் தடுக்க நான் என்ன சொல்லிக் குடுக்குறது? எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்கே தெரியல."

நாதன் சார் கடைசி வரை இருந்தார். சாப்பாட்டு விருந்தினர் என்ன ஆனார்கள் என்று தெரியாது. எழுந்து என்னிடம் வந்து, "ரெண்டு பேரை முடிவு பண்ணிட்டேன்," என்றார். "ஷர்மினி. அப்புறம் அந்தப் படகுக் காலணி போட்ட பிள்ளை. அவ பேரு உங்க வரிசையில இல்லையே, ஏன்?"

"அந்த நெட்டைப் பிள்ளை சார்?" என்றேன்.

"நல்லாத்தான் ஆடுறா. எங்ககிட்ட உயரமானவங்க போதும்மா. பந்து கொண்டு வர ஆள்தான் இல்ல."

தேவகியிடம் நான்தான் சொன்னேன். அவள் கேட்டு முடித்து, மல்லிகா நின்ற பக்கம் பார்த்தாள். மல்லிகா இன்னும் அந்தக் காலணியைக் கழற்ற முடியாமல் ஒற்றைக் காலில் தத்திக்கொண்டிருந்தாள்.

"போட்டவளை எடுத்துட்டாங்க, வாங்கினவளை விட்டுட்டாங்க," என்றாள் தேவகி. "அவளுக்கு முதல்ல சொல்லாதீங்க அக்கா. நான் சொல்றேன்." போய்ச் சொன்னாள். மல்லிகா அழுதாள், தேவகி அவள் காலணியை இழுத்துக் கழற்றினாள். அப்பா லோரியில் ஹாரன் அடித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை புது வரிசைக்காகக் குழு கூடியது. முதலில் பேசியவர் மாஸ்டர். மல்லிகாவை மூன்றாவதாகப் போடலாம் என்றார். மற்ற இருவரும் உடனே ஆமாம் என்றார்கள். தேவகி? பதினெட்டில் விடலாம், பேங்க்கே வேண்டாம்னு விட்டுட்டாங்களே என்றார் அவர்களில் ஒருவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெர்சி இல்லை, பள்ளிப் பெயர் இல்லை, இப்போது வங்கியின் பெயர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஆட்டம், ஒருத்தி போட்டாள், ஒருத்தி வாங்கினாள். பேர்பெற்ற இடம் ஒருத்தியைத் தொட்டதும் அவள் ஏறுகிறாள், தொடாதவள் இறங்குகிறாள். மாவுக்கட்டுப் போட்டவள் ஏறியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"அச்சகத்துல ஆள் நிக்கிறான்," என்றார் ராஜு அண்ணன். "ஏதாவது ஒண்ணைக் குடு."

"குடுக்க மாட்டேன் அண்ணே. மாஸ்டர், சனிக்கிழமை கேலரில உக்காந்துகிட்டு அந்த நெட்டைப் பிள்ளையைப் பத்தி என்ன சொன்னீங்க? பேங்க் முடிவு பண்றதுக்கு முன்னாடி."

அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். கீழே தெருவில் பஸ் கண்டக்டர் பூச்சோங், பூச்சோங் என்று கூவிக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம் திரும்புவான்னு தெரியலன்னு சொன்னேன்," என்றார் கடைசியில்.

"நம்ம இருபது பேர்ல வேற யாரைப் பத்தியாவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல." பேனாவை எடுத்து, பதினெட்டை அடித்து, அவரே ஆறு என்று எழுதினார். "என் பிள்ளை ஒருத்தி கீழ போறா. அவ வீட்டுல இருந்து போன் வந்தா யாரு எடுக்குறது? நீதான் எடுக்கணும்."

எடுத்தேன். அந்த அம்மா என்னைத் திட்டிய திட்டை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

தேவகி கையுறைத் தொழிற்சாலையில் சேர இரண்டு நாள் இருக்கையில் வேறொரு வங்கியிலிருந்து அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. ஆறாம் இடத்துப் பெண்ணின் முகவரி வேண்டும் என்றார்கள். கிள்ளான் கிளையிலேயே கிராணி வேலை கொடுத்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாழ்த்துச் சொல்லப் போனேன்.

"அக்கா, அவங்க நான் ஆடுறதைப் பாக்கவே இல்ல," என்றாள். "கூப்பிட்டாங்க, உயரம் கேட்டாங்க, எடுத்துட்டாங்க. நம்பரைப் பாத்தே."

"சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான். அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு." வேலைக்காக வாங்கிய புதுக் காலணியின் வாரைச் சரிசெய்தாள். "ஏழாவதா போட்டீங்களே, அந்தக் காஜாங் ஊர்ப் பிள்ளை. அவ நல்லா ஆடுவா அக்கா, நான் ஆடியிருக்கேன் அவளோட. அவளை யாரும் கூப்பிடல. நீங்க ஆறையும் ஏழையும் மாத்திப் போட்டிருந்தா?"

நம் வரிசையை யாரும் கண்ணை மூடி நம்பக்கூடாது என்றுதான் நான் அத்தனையும் செய்தேன். கண்ணை மூடி நம்பியதால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வரிசை போட்டேன். பார்த்ததைப் பேர் தெரிவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று குழுவைப் பிடிவாதமாகப் பழக்கினேன். அதனால் பெரிய பள்ளிகளின் பங்கு கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை. குறையவும் கூடாது, அவர்கள் நிஜமாகவே நன்றாக ஆடுகிறார்கள்.

ஆனால் மேசையில் உட்கார்ந்து வரிசையைத் திருத்தலாமே தவிர, வரிசைக்குள்ளேயே வராதவரை அங்கிருந்து பார்க்க முடியாது. அதனால்தான் போகிறேன். ஒரு பழைய வேன் கிடைத்திருக்கிறது. அதில் ஐந்து பேரும் சேர்ந்தே வருகிற அணிகளை ஏற்றி, வங்கிக்காரர்கள் இருக்கிற ஊருக்குக் கொண்டுவரப் போகிறேன். எண் கிடையாது. ஆட்டக்காரர் வேண்டுமென்றால் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் செலவுக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. யாராவது வருவார்களா என்றும் தெரியவில்லை.

முதல் ஊர் செமினி. வருகிற சனிக்கிழமை அங்கே ஓர் ஆட்டம் இருக்கிறது. வேனில் முன்னிருக்கை காலி. உங்களில் ஒருவர் வாருங்கள். எந்தப் பள்ளி என்று ஆட்டம் முடிந்த பிறகு சொல்கிறேன்.